சின்னவனோடு இருபது சுற்று

"தினமும் அரை மணி நேரம் நடவுங்கள்" என்று சொல்வது இலகு. எங்கே நடப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

என் உம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பது இரண்டு வருடங்களுக்கு முன்பு தெரிய வந்தது. அப்போது அவருக்கு வயது 42. கிளினிக்கில் குளிசைகளும் ஒரு தாளும் கொடுத்தார்கள். சீனியைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள், கிழமையில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடவுங்கள் என்று அந்தத் தாளில் இருந்தது. உம்மா அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். வீட்டுக்கு வந்து கேட்டார்: "எல்லாம் செரி. எங்க புள்ள நடக்கிற?"

தோப்பூரில் வாழும் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கேள்வியின் பாரம் விளங்கும். ஸுபஹுக்குப் பிறகு நடக்கலாம் என்றால் இருட்டு, நாய்கள். ஆறு மணி முதல் எட்டு மணி வரை அடுப்படி, பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள், வயலுக்குப் போகும் வாப்பாவின் சாப்பாடு. ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும். அஸருக்குப் பிறகு காற்று நன்றாக இருக்கும். ஆனால் வீதி முழுக்க மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் உழவு இயந்திரங்களும். தேநீர்க்கடை வாசல்களில் ஆண்கள். ஒரு பெண் கையில் பையும் இல்லாமல் தனியாக வேகமாக நடந்தால், எதிரே வரும் பத்துப் பேரில் ஐந்து பேராவது "எங்க அவசரமாப் போறீங்க? வீட்டில எதுவும் பிரச்சினையா?" என்று கேட்பார்கள். அன்பில்தான் கேட்பார்கள். ஆனால், "சீனி குறைய நடக்கிறன்" என்று ஐந்து பேருக்கும் பதில் சொல்ல உம்மாவுக்கு வெட்கம்.

உம்மா நடக்கத் தெரியாதவர் அல்ல. 2006 ஆம் ஆண்டு மாவிலாற்றுப் பிரச்சினையோடு யுத்தம் மூண்டு, மூதூர்ப் பகுதி மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்த நாட்களில், என் ராத்தாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். ராத்தாவுக்கு அப்போது நான்கு வயது. வாகனத்தில் ஏறும் வரைக்கும் எத்தனை மைல் நடந்தோம் என்று தெரியாது, கால் வீங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று சொல்வார். நான் பிறக்கும் முன்பு நடந்த கதை அது. உயிரைக் காப்பாற்ற அவ்வளவு தூரம் நடந்த ஒருவருக்கு, அதே உயிரைக் காப்பாற்ற வீட்டு வாசலில் இருந்து ஐந்நூறு மீற்றர் நடக்க வழி இல்லாமல் இருந்தது.

எங்கள் வீட்டில் சீனி வருத்தம் புதிதல்ல. மூத்தம்மாவுக்கும் அது இருந்தது. காலில் பட்ட சிறிய காயம் ஆறாமல், ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. கடைசி மூன்று வருடங்கள் அவர் விறாந்தைக் கதிரையிலேயே இருந்தார். உம்மாவின் தாளைக் கண்டபோது எனக்கு அந்தக் கதிரைதான் மனதில் வந்தது. அது இன்னும் எங்கள் விறாந்தையில்தான் கிடக்கிறது.

வீட்டில் இன்னொரு கவலையும் இருந்தது. அவன் ராத்தாவின் மகன். மச்சான் கத்தாரில் இருக்கிறார். ராத்தா வீட்டில் இருந்தபடியே தையல் வேலை செய்கிறார். பெருநாள் காலம் வந்தால் தலை நிமிர நேரம் இருக்காது. நான்கு வயதுப் பிள்ளைக்குத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருப்பது ஆபத்து. ஆகவே அவன் கையில் போன் இருக்கும். சாப்பிடும்போதும் போன், தூங்கும் வரைக்கும் போன். இரவு பத்தரை மணி வரை கண் மூட மாட்டான்.

ஆக, ஒரே வீட்டில் இருவர் இருந்த இடத்தை விட்டு அசையாமல் இருந்தார்கள். ஒருவருக்கு நடக்க இடம் இல்லை. மற்றவருக்கு ஓடி விளையாட ஆள் இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது ஒரு தேசிக்காய். கடந்த வருடம் அவனது பாலர் பாடசாலையில் விளையாட்டு விழா வைத்தார்கள். பிள்ளைகளுக்குத் தேசிக்காய் கரண்டி ஓட்டம், பலூன் உடைத்தல். தாய்மாருக்குச் சங்கீதக் கதிரை. "மிஸ் பழகிட்டு வரச் சொன்னாங்க" என்று அவன் வாயில் கரண்டியை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். போட்டிக்கு ஆள் வேண்டுமே! ராத்தா தைத்துக்கொண்டிருந்தார். நான் வகுப்பால் வந்து குளித்துக்கொண்டிருந்தேன். "உம்மும்மா, நீங்க வாங்க" என்று உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். "எனக்கேலாது மகன்" என்று சொல்லிக்கொண்டே எழும்பிய உம்மா, அன்றைக்குப் பத்துத் தடவையாவது முற்றத்தின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போய் வந்தார். நான் வெளியே வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. முகம் சிரித்திருந்தது. மூத்தம்மா மௌத்தான பிறகு உம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

விளையாட்டு விழா முடிந்தது. அவன் விடவில்லை. நானும் விடவில்லை. ஒரு சிறு திட்டம் போட்டேன்.

எங்கள் வளவைச் சுற்றி மதில் இருக்கிறது. வீட்டை ஒரு முறை சுற்றி நடந்தால் உம்மாவுக்கு 60 எட்டு வருகிறது. இருபது சுற்று நடந்தால் 1,200 எட்டு. சமையலறையில் இருந்து இருபது புளியங்கொட்டைகளை எடுத்து ஒரு சிரட்டையில் போட்டுச் சின்னவனிடம் கொடுத்தேன். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கொட்டையை எடுத்து மற்றச் சிரட்டையில் போட வேண்டும். அது அவன் உத்தியோகம். முதல் கிழமை அவன் ஏழுக்குப் பிறகு பதினொன்று என்று எண்ணினான். ஒரு மாதத்தில் இருபது வரை பிழையில்லாமல் வந்துவிட்டது. உம்மா இரண்டு சுற்றைக் குறைக்கப் பார்த்தாலும் நடக்காது. "இன்னும் ரெண்டு கொட்ட கிடக்கு" என்று சிரட்டையை நீட்டுவான்.

மாலை ஐந்தேகால் மணிக்குத் தொடங்குவோம். மஃரிபுக்கு முன்பு முடித்துவிடுவோம். சுற்று நடந்த பிறகு கொக்குப் போல ஒற்றைக் காலில் நிற்பது. நான்கு வயதுப் பிள்ளை சில வினாடிகள்தான் நிற்பான். உம்மா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வயது போகப் போக விழாமல் இருப்பதற்கு உடலின் சமநிலையைப் பழக்குவது அவசியம். அதன் பிறகு கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது பத்துத் தடவை. தொடைத் தசைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி வீட்டில் இல்லை. அவனுக்கு அது "தவளை": குந்தி இருந்து பாய்வது. கடைசியாக, மண்ணில் கோடு கீறி எட்டுக்கோடு. அவன் கெந்துவான், நான் கெந்துவேன், உம்மா நடந்து போவார். மாரி மழை பெய்யும் நாட்களில் மண்டபத்துக்குள் கதிரைகளைச் சுற்றி நடப்போம்.

தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கும் சீனியை எரிபொருளாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இது நடக்கும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் சீனி ஏறும் அளவு குறையும். ஆகவே மைதானமும் விலை கூடிய சப்பாத்தும் இல்லை என்று யாரும் கவலைப்படத் தேவை இல்லை. தசைக்கு முற்றம் எது, மைதானம் எது என்று தெரியாது.

பிள்ளைக்கும் இது தேவை. உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாட வேண்டும். அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும். திரைக்கு முன்னால் இருப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது அது. 180 நிமிடங்கள் என்றதும் ராத்தா பயந்துவிட்டார். ஆனால் அது ஒரே மூச்சில் செய்வதல்ல. காலையில் கோழிக்குத் தீன் போட ஓடுவதும், தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி வருவதும், மதிலோரம் பந்து உதைப்பதும் அந்தக் கணக்கில் சேரும். பிள்ளைகள் கொஞ்சம் ஓடுவார்கள், நிற்பார்கள், எறும்பைப் பார்ப்பார்கள், மீண்டும் ஓடுவார்கள். அதுதான் அவர்களின் முறை. பெரியவர்களைப் போல ஒரே வேகத்தில் நடக்கச் சொல்லி வற்புறுத்தினால் மறுநாள் வர மாட்டார்கள். அவன் எறும்பைப் பார்க்கும் நேரத்தில் நாங்கள் நின்ற இடத்திலேயே கால் தூக்கி நடப்போம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துச் சுழற்றுவது, ஒற்றைக் கையால் தூக்குவது எங்கள் வீடுகளில் சாதாரணம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் முழங்கை மூட்டு இலகுவில் விலகக் கூடியது. தூக்குவதென்றால் அக்குளுக்குக் கீழே இரு கைகளாலும் பிடித்துத் தூக்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. முடிந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இதுவும் சின்னவனின் வேலை. ரோர்ச் லைட்டோடு வந்து, உம்மும்மாவின் விரல்களுக்கு இடையில் டொக்டர் மாதிரிப் பார்ப்பான். குளிசை எடுப்பவர்களுக்குச் சில வேளை சீனி திடீரென்று இறங்கித் தலை சுற்றலாம். பக்கத்தில் இனிப்பு ஏதாவது இருப்பது நல்லது. நோன்பு காலத்தில் எப்போது, எவ்வளவு என்பதைத் தங்கள் டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உம்மாவுக்குக் கடந்த நோன்பில் டொக்டர் சொன்னபடி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சுற்று நடந்தோம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஒருவர், "குமர்ப்புள்ள இப்பிடித் துள்ளலாமா?" என்று உம்மாவிடம் கேட்டார். உம்மா அப்போது பதில் சொல்லவில்லை. இரவு என்னிடம், "நாளைக்கு நீ கெந்த வேணாம் மகள்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். சின்னவன் தன் கல்லை எறியவில்லை. "சாச்சி வந்தாத்தான் நானும்" என்று மண்ணில் குந்திவிட்டான். பத்து நிமிடம் பார்த்துவிட்டு உம்மாவே சொன்னார்: "போ, போய்க் கெந்து. எங்கட வளவுக்குள்ளதானே."

எங்கள் மார்க்கத்தில் இதற்கு என்ன தடை இருக்கிறது என்று பிறகு உம்மாவும் நானும் இருந்து கதைத்தோம். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதார்கள் என்பதும், ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைத்து, எழும்பும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள் என்பதும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகி இருக்கின்றன. ஆயிஷா (ரழி) அவர்களோடு அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. முதல் தடவை ஆயிஷா நாயகி முந்தினார்கள். பிறகொரு தடவை நபியவர்கள் முந்தினார்கள். வஹீ இறங்கிய வீட்டில் ஓட்டத்துக்கும் பிள்ளைகளுக்கும் நேரம் இருந்தது. எங்கள் வீட்டில் நேரம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பெரியவரும் சிறியவரும் சேர்ந்து உடற்பயிற்சி செய்வதை ஒரு தேசமே வழக்கமாக்கிக் காட்டி இருக்கிறது. ஜப்பானில் 1928 ஆம் ஆண்டு 'ரேடியோ தைசோ' என்ற வானொலி உடற்பயிற்சி தொடங்கியது. சில நிமிட இசை ஒலிக்கும். அதற்கேற்பக் கை கால் அசைப்பார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் காலையில் அட்டையோடு வந்து, செய்து முடித்ததும் முத்திரை குத்திக்கொண்டு போவார்கள். அதே வரிசையில் பாட்டிமாரும் நிற்பார்கள். அந்த அட்டையைப் பற்றி வாசித்தபோது, எங்கள் புளியங்கொட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் 184 இருந்த சீனி 138 ஆகி இருந்தது. குளிசையை நேரத்துக்கு எடுத்ததும், தேநீரில் சீனியை நிறுத்தியதும் அதில் சேரும். குளிசை நிறுத்தப்படவில்லை, நிறுத்தவும் கூடாது. "என்ன செய்தீங்க?" என்று தாதி கேட்டபோது உம்மா, "பேரனோட விளையாடினன்" என்றார். சின்னவன் இப்போது எட்டரை மணிக்கே தூங்கிவிடுகிறான். போன் முழுதாக ஒழியவில்லை. ஆனால் ஐந்து மணி ஆனதும் அதைத் தானாகவே வைத்துவிட்டுச் சிரட்டையைத் தேடுகிறான். பக்கத்து வீட்டு மாமியும் இப்போது தன் பேத்தியோடு எங்கள் வளவுக்கு வருகிறார். அவருக்கும் சீனி.

இவ்வளவையும் எழுதியது என் வயதுச் சகோதரிகளுக்கு ஒன்றைச் சொல்வதற்காக. தரம் 6 வரைக்கும் நாம் எல்லோரும் ஓடினோம். கிளித்தட்டு விளையாடினோம், கயிறடித்தோம், இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சண்டை பிடித்தோம். தரம் 8க்கு வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிட்டோம். யாரும் நிறுத்தச் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஓடுவது சின்னப் பிள்ளைகளின் வேலை என்று நாமாகவே எண்ணிக்கொண்டோம். இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 11 முதல் 17 வயது வரையான பெண்பிள்ளைகளில் 100க்கு 85 பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016 ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. ஆண்பிள்ளைகளில் அது 78. நம் வயதுக்குத் தேவையானது ஒரு நாளைக்கு 60 நிமிடங்கள். பதின்மூன்று வயதில் நின்ற கால்களுக்கு, நாற்பத்திரண்டு வயதில் ஒரு தாளைக் கொடுத்து நடக்கச் சொல்கிறார்கள்.

1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீற்றர் தடை தாண்டல் முதன்முதலாக நடந்தபோது, தங்கப் பதக்கம் வென்றவர் மொரோக்கோ நாட்டு முஸ்லிம் பெண் நவால் அல் முத்தவக்கில். பிற்காலத்தில் அவர் காசாபிளாங்கா நகரில் பெண்களுக்கென ஓர் ஓட்டத்தைத் தொடங்கிவைக்க, ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் சேர்ந்து ஓடினார்கள். நாம் எல்லோரும் பதக்கம் வாங்கப் போவதில்லை. வீட்டில் ஒரு தம்பியோ தங்கச்சியோ மருமகளோ இருந்தால் போதும். பிள்ளை பார்ப்பதால் உடற்பயிற்சிக்கு நேரமில்லை என்று நம் தாய்மார் சொல்கிறார்கள். பிள்ளையோடு சேர்ந்தே அதைச் செய்தால் இரண்டுக்கும் ஒரே நேரம்தான் செலவாகிறது. எந்த வீதிக்கும் போகத் தேவை இல்லை, யாருக்கும் பதில் சொல்லத் தேவை இல்லை.

பெற்றோரிடம் ஒரு கோரிக்கை. மகள் வளவுக்குள் சின்னப் பிள்ளைகளோடு ஓடும்போது "போதும், உள்ளுக்கு வா" என்று கூப்பிட வேண்டாம். முடிந்தால் ஒரு சுற்று நீங்களும் நடவுங்கள்.

இந்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அஞ்சலோட்டத்தில் பெயர் கொடுக்கலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். உயர்தரப் பரீட்சை வருகிறது, படிப்பு இருக்கிறது என்று சொல்வார் என நினைத்தேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "குடு மகள். நான் இவனையும் கூட்டிட்டு வந்து பாக்கிறன்" என்றார். சின்னவன் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "சாச்சி, அங்க எத்தின சுத்து?"